ஈரப் பலகையும் பச்சை விளக்கும்

ரம்பப் பட்டறையில் வேலை கேட்டுப் போகிறவனிடம் முதலில் பெயரைக் கேட்க மாட்டார்கள். கையைக் காட்டச் சொல்வார்கள். ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டியிருந்த அந்தப் பட்டறைக்கு நான் போனபோது மேனேஜர் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்து விரலும் இருந்தன. அதுவே அவருக்குச் சந்தேகமாகப் போய்விட்டது.

"பெங்களூர்ல ரம்பத்துல நின்னேன்னு சொல்றே. எல்லா வெரலும் அப்படியே இருக்குதே?"

"பலகை எடுத்துக் குடுக்கிற வேலை சார்."

"அப்ப ரம்பத்துல நின்னேன்னு சொல்லாதே. ரம்பத்துக்குப் பக்கத்துல நின்னேன்னு சொல்லு."

வேலை கொடுத்துவிட்டார். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து நான் எந்த ஊரிலும் நிலையாக இருந்ததில்லை. வேலூரில் டவுன் பஸ்ஸில் கிளீனர், வாலாஜாபேட்டை மார்க்கெட்டில் மூட்டை, ராணிப்பேட்டையில் தோலுக்கு உப்பு போடும் குடோன், பிறகு பெங்களூர். உப்பு குடோனில் கை வெடித்து ரத்தம் வரும். அதிலேயே மறுபடி உப்பு ஏறும். யாரும் ஒரு ஜோடி கையுறை கொடுத்ததில்லை. அதைக் குறையாகவும் நாங்கள் நினைத்ததில்லை. பிடிக்காவிட்டால் பஸ் ஏறிவிடலாம். அந்த ஒரு வசதி எனக்கு எப்போதும் இருந்தது.

பட்டறை ஒரு ஷூ கம்பெனிக்காரருக்குச் சொந்தம். ஏற்றுமதி ஷூக்களுக்கு மாமரப் பலகையில் பெட்டி அடிப்பதுதான் அதன் பழைய வேலை. அதற்குப் பின்புறம் தோல் பதனிடும் டேனரி ஒன்று மூடிக்கிடந்தது. தொண்ணூறுகளில் கழிவுநீர்ப் பிரச்சினையில் கோர்ட் உத்தரவு வந்தபோது எங்கள் பக்கத்தில் பல சின்ன டேனரிகள் மூடின. தோலைப் போட்டுச் சுழற்றும் மர டிரம்கள், ஒவ்வொன்றும் ஒரு அறை அளவுக்கு இருக்கும், அப்படியே நின்று போயின. பின்னால் அவற்றைப் பிரித்துப் பலகை பலகையாக அடுக்கினார்கள். கெட்டியான மரம். வருஷக்கணக்காக உப்பும் சுண்ணாம்பும் குரோமும் குடித்து, குளத்துப் பாசிபோல ஒரு நீலப்பச்சை ஏறியிருக்கும்.

ஷூ வாங்க வந்த அமெரிக்க அம்மா ஒருத்தி அந்தப் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, இதில் தோல் வைத்த ஸ்டூல் செய்து தர முடியுமா என்று கேட்டாளாம். அதிலிருந்து பட்டறையின் பிழைப்பு டிரம் பலகை ஆயிற்று.

அந்தப் பலகையை அறுத்தவர் ஒரு பாய். நாற்பது வயதைத் தாண்டியவர், ஆம்பூர்க்காரர். இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் கிடையாது. பட்டறையில் இருந்த பழைய வட்ட ரம்பம் எடுத்துக்கொண்டது. அதை அவர் சொல்லும் விதத்தில் வலி இருக்காது.

"பொட்டலமா கட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போனோம். டாக்டர் பிரிச்சுப் பாத்துட்டு, நசுங்கிப்போச்சு, ஒட்ட முடியாதுன்னுட்டாரு. திரும்பி வரும்போது பொட்டலத்த பஸ்ஸுலயே மறந்துட்டேன் தம்பி. யாரு எடுத்தாங்களோ, பிரிச்சுப் பாத்து இன்னா நெனச்சாங்களோ."

அப்போது மேனேஜர் அவரிடம் சொன்ன ஒரு வார்த்தை பட்டறை முழுக்கத் தெரியும். "இன்னொண்ணு போச்சுன்னா உன்ன வெச்சிக்க முடியாது பாய். கேஸு, இன்ஷூரன்ஸு, ஒரே பேஜார்." பாய்க்கு வேறு போக்கிடம் இல்லை. ஷூ கம்பெனியில் மேல்தோலான அப்பர் தைக்க, ஓரம் மடித்து ஒட்ட, எல்லாவற்றுக்கும் பத்து விரல் வேண்டும். எட்டு விரலை அனுபவம் என்று எண்ணுகிற ஒரே இடம் ரம்பம்தான். அதுவும் ஏழானால் எண்ணாது. இதைத் தெரிந்துகொண்டுதான் அவர் தினமும் ரம்பத்துக்கு முன்னால் நின்றார்.

இன்னொரு ஆள், உப்புத்தாள் போட்டு ஸ்டூலைத் தேய்க்கும் அக்கா. முன்னால் டேனரியில் தோலை உராய்ந்து மெருகேற்றும் பிரிவில் இருந்தவர். டிரம் பலகையைக் காய்ந்தபடி அறுத்தால் கிளம்பும் தூள் சாதாரண மரத்தூள் மாதிரி இருக்காது. மூக்கு எரியும், தொண்டையில் ஆணியைச் சப்பியது போல ஒரு ருசி நிற்கும், இருமினால் பச்சையாக வரும். அதனால் அக்கா காலையில் வந்ததும் பலகைகளுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மேலே ஈரக் கோணியைப் போட்டு மூடிவிடுவார். ஈரத்தில் அறுத்தால் தூள் சேறாக விழும். டேனரியிலிருந்து வந்த வழக்கம் அது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஈரம் என்பது வேலையின் ஒரு பகுதி. அதைப்பற்றி யாரும் தனியாக யோசிக்க மாட்டோம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அமெரிக்க அம்மா புது ரம்பம் அனுப்பினாள். விரல் பட்டால் தானாக நின்றுவிடுமாம். அந்த ஊர்க் கரண்டு வேறு என்பதால் கூடவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி. மாட்டிக் கொடுக்க சென்னையிலிருந்து இளவயசு இன்ஜினீயர் ஒருவர் வந்தார். எங்களையெல்லாம் சுற்றி நிற்கவைத்து, கடையிலிருந்து ஒரு கோழிக்கால் வாங்கி வரச்சொன்னார்.

ரம்பம் சீறிக்கொண்டு ஓடியது. ஒரு பலகையின் மேல் கோழிக்காலைப் படுக்கவைத்துத் தள்ளினார். லாரி டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். பார்த்தால் பிளேடையே காணோம். மேசைக்குக் கீழே போய்விட்டிருந்தது. கோழிக்காலில் நகம் பட்ட அளவுக்கு ஒரு கீறல்.

யாரும் கை தட்டவில்லை.

"அது செத்த கோழி," என்றார் அக்கா. "அதுக்கு இன்னா பயம்."

"தம்பி, உங்க வெரல ஒருவாட்டி வெச்சிக் காட்டுங்களேன்," என்றார் பாய்.

இன்ஜினீயர் சிரித்தார். விரலை வைக்கவில்லை. அதை நாங்கள் எல்லோரும் கவனித்தோம். வாசலில் எறிந்த கோழிக்காலை நாய் மட்டும் சந்தேகப்படாமல் தின்றது.

அவர் விளக்கமும் சொன்னார். பிளேடில் ரொம்பக் கொஞ்சமாகக் கரண்டு ஓடுகிறது. காய்ந்த மரம் அதை வாங்கிக்கொள்ளாது. உடம்பு வாங்கிக்கொள்ளும். "ஏன்னா உடம்புன்னா தண்ணியும் உப்பும்தான்." உடம்பு பட்டது தெரிந்ததும் உள்ளேயிருந்து ஒரு அலுமினியக் கட்டை எகிறிப் பிளேடின் பல்லைக் கவ்விக்கொள்ளும். ஒருமுறை வெடித்தால் கட்டையும் பிளேடும் குப்பை. புதிது மாட்ட வேண்டும். மாற்றுக் கட்டைகள் சில மேனேஜர் அலமாரியில் இருக்கும். கடைசியாக ஒரு சின்னச் சாவியை எடுத்து மேனேஜரிடம் கொடுத்தார். காவல் வேண்டாம் என்றால் இதைத் திருப்பி மோட்டாரைப் போடலாம், அப்போது அது எல்லா ரம்பத்தையும் போல வெட்டும். பச்சை விளக்கு நிலையாக எரிந்தால் காவல் இருக்கிறது, மினுக்கினால் இல்லை.

பாய் ரம்பத்தைப் பார்க்கவே இல்லை. சாவி எந்தப் பையில் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு டீ குடிக்கும்போது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்தக் கரண்டு கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் இறங்கி ஆம்பிளைத்தனத்தைக் குறைக்கும் என்றான் பெட்டி அடிக்கிற ஒருவன். "அப்ப நான் ஓட்றேன், எனக்கு இன்னா போச்சு," என்றார் அக்கா. "வெரலுக்கு அமெரிக்காவுலேருந்து மெஷின் வருது. மூக்குக்கு எங்கேருந்து வரும்னு கேட்டுச் சொல்லுங்க."

எனக்கு வேறு சந்தேகம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருத்தி பாயின் விரலுக்காக இவ்வளவு செலவு செய்வாளா? இத்தனை ஊரில் இத்தனை வேலை பார்த்ததில், இலவசமாக வந்த எதுவும் பின்னால் ஒரு கையை நீட்டாமல் இருந்ததில்லை. ஏதோ ஒரு பேப்பரில் காட்டுவதற்காகத்தான் இது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் மாமரப் பலகைதான் அறுத்தோம். பெட்டிக்கானது, நன்றாகக் காய்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. "இது மெல்லமா போவுது. அந்தக் கெழவன் இதுக்குள்ள ரெண்டு பலகை தள்ளியிருப்பான்," என்று பழைய ரம்பத்தைக் காட்டிப் பாய் சொன்னார். மேனேஜர் காதில் அது விழுந்தது.

பிறகு ஸ்டூலுக்கு ஆர்டர் வந்தது. பாய் முதல் டிரம் பலகையைத் தள்ளினார். ஒரு சாண்கூடப் போயிருக்காது. டமார் என்று வெடித்தது. பாய் பின்னால் குதித்து இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார், போலீஸைப் பார்த்தவர் போல. நாங்கள் விரல்களை எண்ணினோம். எட்டும் இருந்தன.

மேனேஜர் ஓடிவந்தார். "எங்க தொட்டே?"

"தொடல சார்."

"தொடாம எப்படி வெடிக்கும்? தொட்டா வெடிக்கிறதுக்குத்தான வந்திருக்குது."

"தொட்டிருந்தா கீறல் இருக்கணுமே சார்."

"கீறல் இல்லாம காப்பாத்துறதுதான் அதோட வேலையே."

பாய் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஒருவேளை தொட்டுவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்ததை நான் பார்த்தேன். புதுக் கட்டை மாட்டினார்கள். இரண்டொரு நாளில் மறுபடியும் டிரம் பலகை, மறுபடியும் வெடி.

இந்தத் தடவை மேனேஜர் கத்தவில்லை. அதுதான் மோசம். பாயின் பையைக் காட்டச் சொன்னார். அதில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும், யாரோ கொடுத்த சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதமும் இருந்தன. வெள்ளிக் காகிதத்தை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது எதுக்கு?"

"பீடி நமுத்துப் போகாம சுத்தி வெக்க."

"இத பல்லுமேல காட்டினா வெடிக்கும். பழைய மெஷின்லயே ஓட்டலாம்னு பாக்கிறியா? புதுசு மெல்லமா போவுதுன்னு நீதான சொன்னே." காகிதத்தைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், சாவி இருந்த அதே பையில். "இன்னொருவாட்டி வெடிச்சா மறுநாள் வராதே பாய்."

முன்பெல்லாம் விரல் போனால்தான் பாயின் வேலை போகும். இப்போது விரல் போகாவிட்டாலும் போகும் என்று ஆகிவிட்டது.

அதற்கப்புறம் அந்தப் பட்டறையில் யாரும் யாரையும் நம்பவில்லை. பாயை நஷ்டஈட்டுச் செலவில்லாமல் வெளியே தள்ள மேனேஜர்தான் ஏதோ செய்கிறார் என்றார் அக்கா. நான் பாயைச் சந்தேகப்பட்டேன். பலகை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் அவருடைய இடது கையையே பார்த்தேன். அந்த இரண்டு வெற்றிடத்துக்கு நடுவே எதையாவது செருகி வைத்திருக்கிறாரா என்று. அவர் என்னைச் சந்தேகப்பட்டார்.

"இன்னா தம்பி, எங் கையவே பாக்கிறே? நான் போனா இந்த எடம் உனக்குன்னு சொல்லியிருக்காரா?"

"இல்ல பாய்."

"சொன்னாலும் சொல்லமாட்டே. பத்து வெரலு வெச்சிருக்கிறவன் அப்படித்தான்."

ஸ்டூல் வேலை நின்றுபோயிருந்தது. முதலாளி கேட்க ஆரம்பித்திருக்க வேண்டும். ஒருநாள் காலையில் மேனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். பாயை எதிர்ச் சுவரோரம் நிற்கச் சொன்னார். "நானே தள்றேன். வெடிக்கிறதான்னு எல்லாரும் பாருங்க. இவன் இல்லாம வெடிக்கலன்னா அப்புறம் பேச்சே இல்ல."

பாய் சுவரோடு ஒட்டி நின்று கைகளைக் கட்டிக்கொண்டார். நான் கோணியை விலக்கி மேலே இருந்த பலகையை எடுத்துக் கொடுத்தேன். மேனேஜர் ஒரு காலத்தில் பட்டறையில் நின்றவர்தான். முறையாகவே பிடித்தார், முறையாகவே தள்ளினார். ரம்பம் மரத்தில் ஏறியது. நாலு விரற்கடை போயிருக்கும்.

டமார்.

அவரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லோரும், கேட்காமலே, அவருடைய விரல்களை எண்ணினோம். பத்து. சத்தம் அடங்கியபின் சுவரோரத்திலிருந்து பாயின் குரல் வந்தது, ரொம்ப மரியாதையாக.

"எங்க தொட்டீங்க சார்?"

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இன்ஜினீயரை மறுபடி வரவழைத்தார்கள். அவர் ஒரு மீட்டரை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் மாமரப் பலகையில் குத்தினார், முள் அசையவில்லை. டிரம் பலகையில் குத்தினார், முள் எகிறியது. பிறகு என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பலகைக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"தண்ணியும் உப்பும்," என்றார். "மரம்னு அதுக்குத் தெரியல. உடம்புன்னு நெனச்சிடுச்சு."

எத்தனை ஆயிரம் தோல் அந்தப் பலகைமேல் புரண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவர் முதல் நாளே சொன்ன வார்த்தைதான். தண்ணீர் ஊற்றும்போது அக்காவும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. அவருக்கும் இங்கே மரத்தைக் குளிப்பாட்டி அறுப்பார்கள் என்று தெரியாது.

"இனிமே யாரும் தண்ணி ஊத்தக்கூடாது," என்றார் மேனேஜர்.

"அப்ப நீங்க வந்து பக்கத்துல மூக்கக் காட்டிக்கினு நில்லுங்க சார்," என்றார் அக்கா. "நான் ஊத்தல."

தண்ணீரை நிறுத்தினால் மட்டும் போதாது, உள்ளே ஊறியிருக்கும் ஈரம் போக ஒரு கோடை முழுக்க நிழலில் காயவேண்டும் என்றார் இன்ஜினீயர். அதுவரைக்கும் சாவியைத் திருப்பி அறுக்கலாம், ஆனால் அப்படி அறுத்தால் காவல் இல்லை என்பதை மறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். மேனேஜர் அதைவிடச் சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்தார். புது ரம்பத்தில் நான் மாமரம் அறுப்பது. பழைய ரம்பத்தில் பாய் டிரம் பலகை அறுப்பது. ஈரமாக இருந்தால் என்ன, அந்தக் கிழட்டு ரம்பத்துக்கு உடம்பும் மரமும் ஒன்றுதான்.

பாய்மேல் இருந்த பழி போய்விட்டது. "இன்னொண்ணு போச்சுன்னா வெச்சிக்க முடியாது" என்பது மட்டும் போகவில்லை.

"வேலூர் ஜெயில்ல இப்படி நடக்குமான்னு தெரியல தம்பி," என்றார் என்னிடம். "குத்தம் பண்ணலன்னு தீர்ப்பு சொல்லி, திரும்ப உள்ளயே அனுப்பிட்டாங்க."

நான் பச்சை விளக்கின் முன் நின்றேன். மாமரத்தில் ஆபத்தும் கம்மி, காவலும் ஜாஸ்தி. பத்தடி தள்ளி, எட்டு விரலோடு ஒருவர், எதையும் நிறுத்தத் தெரியாத ரம்பத்தில் வழுக்குகிற பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஸ்டூலெல்லாம் அதில்தான் ஆயிற்று.

அந்த அமெரிக்க அம்மா வரப்போகிறாள் என்று செய்தி வந்தது. அவள் வருகிற நாள் காலையில்கூடப் பழைய ரம்பத்தில் வேலை நடந்தது. அப்புறம் நாலு பேர் சேர்ந்து அதைப் பின்வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போய்த் தார்ப்பாய் போட்டு மூடினோம். மேனேஜர் பாயைப் புது ரம்பத்தில் நிறுத்தினார். அவள் முன்னால் நான் பலகையைக் கோணலாகத் தள்ளிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். "மாம்பலகை மட்டும் அறு. லெஃப்ட் கை பலகைக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும். ஒருவேள டிரம் பலகை கேட்டாங்கன்னா, அதோ, ஒண்ணு வெயில்ல காய வெச்சிருக்கேன், அத எடு." ஒரு பலகையைப் பல நாளாக மொட்டை வெயிலில் போட்டு வைத்திருந்தார். அது சுவரோரம் சாய்ந்து நின்றது. பக்கத்திலேயே கோணிக்கு அடியில் மற்ற பலகைகள்.

அவள் வயதானவள், நிதானமாகப் பேசினாள். பச்சை விளக்கைக் குனிந்து பார்த்தாள். படம் எடுத்தாள். பாய் மாமரம் அறுத்ததைப் பார்த்து மேனேஜரிடம் ஏதோ சொன்னாள். மேனேஜர் முகம் லேசாக இறுகியது. தன் ஸ்டூலுக்கான பலகையை அறுத்துக் காட்டச் சொல்கிறாள் என்று புரிந்தது. மேனேஜர் கண்ணால் சுவரோரத்தைக் காட்டினார்.

பாய் அந்தப் பக்கம் போனார். காய்ந்த பலகையின் மேல் கையை வைத்தார். பிறகு குனிந்து, கோணிக்கு அடியிலிருந்து ஒன்றை உருவினார். தூக்கிக்கொண்டு வரும்போது அதன் நுனியிலிருந்து தரையில் ஒரு சொட்டு விழுந்ததை நான் பார்த்தேன். மேனேஜர் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

டமார்.

அவள் அலறிவிட்டாள். பாய்ந்து பாயின் இடது கையைப் பிடித்து, விரல்களை விரித்தாள். இரண்டைக் காணோம். அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. தரையைப் பார்த்தாள், மேசையின் அடியில் பார்த்தாள், ரத்தத்தைத் தேடினாள், விரலைத் தேடினாள்.

"ஓல்டு மேடம், ஓல்டு," என்று மேனேஜர் தவித்தார். "வெரி ஓல்டு."

ஆறிப்போன தழும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. கையை விடவில்லை. பாயின் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும், எதில் போச்சு என்றுதான் கேட்கிறாள் என்று எங்களுக்கெல்லாம் தெரிந்தது. பாய் பின்வாசல் பக்கம் பார்த்தார். அவ்வளவுதான்.

அவள் நடந்தாள். தார்ப்பாயை அவளே விலக்கினாள். பழைய ரம்பத்தின் மேசை முழுக்க நீலப்பச்சைச் சேறு, அன்று காலையில் அறுத்தது, இன்னும் காயவில்லை. அதில் ஒரு விரலை வைத்து எடுத்து மேனேஜரிடம் காட்டினாள். சத்தம் போடவில்லை. மேனேஜர் பின்னால் முதலாளியிடம் சொன்னதை நாங்கள் கேட்டோம்: இந்தப் பழைய ரம்பம் இருந்தால் ஸ்டூல் வேண்டாமாம். அடுத்த முறை வரும்போது இதே ஆளை, இதே விரல்களோடு, இங்கே பார்க்க வேண்டுமாம். படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாளாம்.

கார் போனதும் மேனேஜர் பாயைக் கூப்பிட்டார்.

"வேணும்னுதான பண்ணே."

"அன்னிக்கு நீங்க வேணும்னா பண்ணீங்க சார்?"

அதோடு பேச்சு முடிந்தது. அவரால் பாயை அனுப்ப முடியவில்லை.

பழைய ரம்பத்தைக் காயலான்கடைக்காரன் வந்து தூக்கிக்கொண்டு போனான். டிரம் பலகைகளையெல்லாம் தகரக் கொட்டகையில் இடைவெளி விட்டு அடுக்கினோம். அவை காயும்வரை ஸ்டூல் இல்லை. பாதி நாளைக்கு வேலை இல்லை. அக்காவுக்கு அதிலும் பாதி. "அந்தாளு வெரல காப்பாத்தி என் வயித்துல அடிச்சிட்டாங்க," என்று சத்தமாகவே சொன்னார். பலகை காய்ந்தபின் தண்ணீர் ஊற்றத் தடை வந்தது. மூக்குக்கு வந்தது ஒரு துணி. அதை நனைத்துக் கட்டிக்கொண்டார். மேனேஜர் இல்லாத நேரத்தில் அவர் பலகைக்குத் தண்ணீர் தெளிக்கிறார் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. பலகையைக் கொடுப்பதற்கு முன் கன்னத்தில் வைத்து ஈரமா என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாயிற்று.

பாயிடம் ஒருநாள் கேட்டேன். "காய்ஞ்ச பலகைமேல கைய வெச்சிட்டு, ஏன் பாய் அதை எடுத்தீங்க?"

"லேசா இருந்துச்சு தம்பி. மேடத்துக்கு நல்ல பலகையா, வெயிட்டா இருக்கிறதா காட்டலாம்னு எடுத்தேன்."

முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

நான் கிளம்பும்வரை புது ரம்பத்தில் அவர்தான் நின்றார். ஆனால் பழைய ரம்பத்தில் நின்ற மாதிரியே நின்றார். கடைசித் துண்டைக் குச்சியால்தான் தள்ளுவார். அதுதான் நின்றுவிடுமே பாய், எதற்கு இவ்வளவு என்று கேட்டால், "நம்புறதுக்கு அது இன்னா என் மச்சானா?" என்பார். காலையில் வந்ததும் மோட்டாரைத் தொடமாட்டார். மேனேஜரின் அறை வாசலில் போய் நிற்பார்.

"சாவி யார்கிட்ட சார் இருக்குது?"

மேனேஜர் தினமும் முணுமுணுத்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவார். பாய் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்து, மோட்டாரைப் போட்டு, என்னைக் கூப்பிடுவார்.

"தம்பி, உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். மினுக்குதா பாரு."

நான் குனிந்து பார்ப்பேன். நிலையாகத்தான் எரியும். "இல்ல பாய்" என்பேன். அவரும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் பலகையை எடுப்பார்.